பொன்மாரி டாக்கீஸில் கொம்பையா ஓடிய நாட்கள்

சங்கன்விளையில் பொன்மாரி டாக்கீஸை மூடிப் பதினாலு வருசம் ஆகியிருந்தது. அந்தப் பதினாலு வருசத்தில் கொட்டகைத் தெருவுக்குப் பஸ் வருவது நின்றுபோனது, பஸ் நின்றதால் பால்துரையின் டீக்கடையில் பாய்லர் காலையில் மட்டும் கொதித்தது, டீக்கடை படுத்ததால் முறுக்குக் கடையும் படுத்தது, சைக்கிள் ஸ்டாண்டில் ஆடு கட்டினார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் தெருவின் பெயரைக் கேட்டதும் வேறு தெருவில் பெண் இருந்தால் சொல்லுங்கள் என்று எழுந்துகொண்டார்கள். கடைசியில் ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, தெருக்காரர்கள் நாற்பது பேர் பால்துரையைத் தலைவராக வைத்து ஒரு கமிட்டி போட்டு, சென்னையில் இருந்த டாக்கீஸ் வாரிசுகளுக்குப் போன் செய்து, "திறந்தாலும் சரி, இடிச்சாலும் சரி, எங்களக் கூப்பிடாதீங்க" என்று அவர்கள் சொன்னதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு, விளக்குமாறும் மண்வெட்டியுமாக உள்ளே போனார்கள்.

போனவர்களில் ஆவுடைத்தங்கமும் இருந்தாள். டாக்கீஸை ஒட்டியிருந்த மாவு மில் அவளுடையது. முடியிலும் புருவத்திலும் மாவு படிந்து, நாற்பத்திரண்டு வயதிலேயே முழுக்க நரைத்தவள் போலத் தெரிவாள். அவள் புருசன் கொம்பையா லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போனான், சைக்கிள் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. செத்தான் என்று சொல்ல உடம்பு கிடைக்கவில்லை, இருக்கிறான் என்று சொல்ல ஒரு தபால் வரவில்லை. ஆகவே ஊர்ப் பெண்கள் ஆவுடையைக் கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் கூப்பிடுவார்கள், கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள், குங்குமத் தட்டு அவளுக்கு முந்தின ஆளோடு திரும்பிவிடும்.

அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் புறா எச்சத்தைச் சுரண்டி, ஆட்டுப் புழுக்கையை அள்ளி, இரண்டரை மணிக்கு எல்லோரும் கால் உடைந்த நாற்காலிகளில் உட்கார்ந்து எலுமிச்சம் சாதம் தின்றுகொண்டிருந்தபோது, எதிரே திரையாக இருந்த வெள்ளைச் சுவரில் வெளிச்சம் வந்தது. மெஷின் ரூமில் மெஷின் கிடையாது, அதைப் பழைய இரும்புக்காரன் தூக்கிப்போய்ப் பல வருசம். கரண்டும் கிடையாது. சுவரில் ஒரு செம்மண் காடு வந்தது, காட்டில் ஒரு உடைமரம் வந்தது, ஒரு கிணறும் ஒரு ஓலைக் குடிசையும் வந்தன, அப்புறம் குடிசைக்குள்ளிருந்து குனிந்தபடி, கட்டம் போட்ட சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கொம்பையா வந்தான். கிணற்றில் வாளி இறைத்தான், முகம் கழுவினான், பீடி பற்றவைத்தான், மரத்தடியில் உட்கார்ந்து காலில் தைத்த முள்ளைப் பிடுங்கினான்.

ஆவுடை கையிலிருந்த சோற்றை அப்படியே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மற்றவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"நம்ம கொம்பையால்லா இது," என்றார் பால்துரை. "ஆளு மெலிஞ்சுட்டான்."

"கலர் நல்லாருக்கு," என்றார் சைக்கிள் ஸ்டாண்டு சொர்ணபாண்டி. "சத்தந்தான் இல்ல."

நாலு மணி சுமாருக்குக் கொம்பையா குடிசைக்குள் போய்ப் பத்து நிமிசம் வெளியே வரவில்லை, அதை இடைவேளை என்று அங்கேயே முடிவு செய்தார்கள். ஐந்தேகாலுக்கு வெளிச்சம் போனது. மறுநாளும் இரண்டரைக்கு வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது.

மூன்றாம் நாள் ஆவுடை ஓடிப்போய்ச் சுவரில் விழுந்தாள். கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது, அந்தப் பக்கத்து வெயில் விரல்களில் சுட்டது, மணிக்கட்டுக்கு மேலே சுவர் சுவராகவே இருந்தது. "ஏங்க, ஏங்க" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து சாரத்தில் ஒட்டிய நெருஞ்சியைப் பிடுங்கிக்கொண்டிருந்த கொம்பையா திரும்பவில்லை.

ஊர் இதை எடுத்துக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. டாக்கீஸுக்கு வெள்ளையடித்தார்கள், நாற்காலிக்கு ஆணி அடித்தார்கள், சொர்ணபாண்டி ஆடுகளை அவிழ்த்துவிட்டு ஸ்டாண்டைக் கழுவினார். சுவரொட்டியில் கொம்பையாவின் கல்யாணப் போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டார்கள், ஆவுடை இருந்த பக்கத்தை வெட்டிவிட்டார்கள். தாலுகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்து, முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்து, ஆட்சேபிக்க ஒன்றும் இல்லை, ஆனால் பீடி பிடிக்கிறாரே என்றார். உடனே பெயிண்டரைக் கூப்பிட்டுச் சுவரின் கீழ் ஓரத்தில் புகை உடலுக்குக் கேடு என்று நீலத்தில் எழுதினார்கள், அதோடு அனுமதி வந்தது. பஸ் மறுபடி கொட்டகைத் தெருவில் நின்றது. பாய்லர் நாள் முழுக்கக் கொதித்தது. முறுக்கு விற்றது. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். காணாமல் போன ஆள் பல் விளக்குவதைப் பார்த்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆவுடைக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி, அதில் அவள் பெயரே எழுதியிருந்தது. கல்யாண வீடுகளில் இப்போது அவளை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள்.

பங்குனி உத்திரத்தன்று ஆயிரம் பேர் உள்ளே இருந்தார்கள். கொம்பையா பாறையில் வழுக்கிக் கிணற்றுக்குள் விழப் போய்க் கயிற்றைப் பிடித்துத் தப்பினான், கொட்டகையே எழுந்து விசிலடித்தது, ஆயிரம் பேரும் ஒரே மூச்சில் "கொம்பையா!" என்று கத்தினார்கள். அப்போது அவன் திரும்பினான். காதைச் சாய்த்துக் கேட்டான். கேட்ட திசையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான், நடக்க நடக்கப் பெரிசானான், தலை மேலே போனது, கால் கீழே போனது, கடைசியில் முகம் மட்டும் சுவர் முழுக்க நின்றது, மூச்சுக் காற்றில் சுவர் வியர்த்தது, முன்வரிசைக்காரர்களுக்குப் பீடி வாசனை அடித்தது. நெற்றியின் வலது ஓரம் சுவரை விட்டு ஒரு விரற்கடை வெளியே புடைத்து நின்றதை ஆவுடை பார்த்தாள். பார்த்தவர்கள் பயந்து வாயை மூடினார்கள். சத்தம் அடங்கியதும் அவன் அங்குமிங்கும் பார்த்தான், யார் கூப்பிட்டது என்று தெரியாத ஆள் போல நின்றான், திரும்பிக் குடிசைக்குப் போய்விட்டான்.

ஒரு ஆளின் குரல் அவனுக்கு எட்டாது, கொட்டகை நிறைந்து கூப்பிட்டால் எட்டும் என்று அன்றைக்கு ஆவுடைக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கத்தியிருந்தால் வெளியே வந்திருப்பான் என்றும் தெரிந்தது. கமிட்டிக்கும் தெரிந்தது. மறுநாள் வாசலில் ஒரு போர்டு தொங்கியது: படம் ஓடும்போது கூப்பாடு போடக் கூடாது, கிட்ட வந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு முழுசாகத் தெரியவில்லை.

வைகாசியில் கூட்டம் குறைந்தது.

"எத்தன நாளு தாயி ஒரு ஆளு முள்ளு புடுங்குறதயே பாக்குறது?" என்று மாவு அரைக்க வந்த பெண்கள் ஆவுடையிடமே சொன்னார்கள். "ஒரு சண்ட உண்டா, ஒரு பாட்டு உண்டா?"

கூட்டம் குறையக் குறையச் சுவரில் வெளிச்சமும் குறைந்தது. முதலில் தூரத்துக் காடு மங்கியது, அப்புறம் மரத்தின் நிழல் போனது, ஒரு புதன்கிழமை இருபது பேர்கூட இல்லாதபோது கொம்பையாவின் கை வழியாகக் கிணற்றுச் சுவர் தெரிந்தது. அவன் தன் கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆவுடை அன்றைக்கு மில்லைச் சாத்திவிட்டு வீடு வீடாகப் போனாள். வாங்க, வந்து சும்மா இருங்க, நான் முறுக்கு வாங்கித் தாரேன் என்று கும்பிட்டாள். வருகிறோம் என்றார்கள், வரவில்லை.

ஆனி மாதத்தில் ஒருவன், எரிச்சலில், குடித்து முடித்த சோடா பாட்டிலைத் திரையில் எறிந்தான். பாட்டில் சுவரில் உடையவில்லை. உள்ளே போனது, போய்க் கொம்பையாவின் நெற்றியில் பட்டது. ரத்தம் புருவம் வழியாக இறங்கி மார்பில் சொட்டியது, அவன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாள் நிற்க இடமில்லை. நிறைந்த கொட்டகையில் அவன் மறுபடி கெட்டியானான், ரத்தம் நல்ல சிவப்பாக இருந்தது.

கமிட்டி கூடியது. யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. தெரு பிழைக்க வேண்டும், கொம்பையாவும் மங்காமல் இருக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே வழிதான் என்றுதான் பேசினார்கள். கடிக்கிற நாய் ஒன்றைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து சுவருக்குள் தள்ளினார்கள், மனுசரை மணிக்கட்டோடு நிறுத்திய சுவர் நாயை முழுசாக உள்ளே விட்டது. நாய் பாய்ந்தது, கொம்பையா அசையாமல் நின்றான், பிறகு உட்கார்ந்தான், கையை நீட்டினான், நாலாம் நாள் நாய் அவன் காலடியில் படுத்துத் தூங்கியது. கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது.

ஐந்தாம் நாள் பால்துரை மில்லுக்கு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மாவுச் சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நீ தப்பா எடுத்துக்கப்பிடாது. நேத்து அவன் காலு ரெண்டும் தெரியல. பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"இப்படியே போனா ஆவணிக்குள்ள ஆளு இல்ல. கூட்டம் வரணும். அதுக்கு ஏதாச்சும் நடக்கணும்லா. நீ அவன்கூட வாழ்ந்தவ. அவனுக்கு என்னத்தக் கண்டா பயம்?"

மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடை போய் சுவிட்சை அணைத்தாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் மடியில் தலைவைத்துக்கொண்டு அவன் சொன்னது அவளுக்கு மட்டுமே தெரியும். ஏழு வயதில் அவன் கண்ணெதிரே ஒரு மாடு அவன் அண்ணனை வயிற்றில் குத்தித் தூக்கியிருந்தது, அதற்கப்புறம் தெருவில் கன்றுக்குட்டி வந்தாலும் அவன் வீட்டுக்குள் போய்விடுவான், மாட்டுக் கழுத்துமணிச் சத்தம் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவான். சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் கொட்டகை நிறையும், நிறைந்தால் ஒரே ஒரு தடவை எல்லோரையும் கும்பிட்டுக் கூப்பிடச் சொல்லலாம், கூப்பிட்டால் அவன் வந்துவிடுவான் என்றும் தெரியும்.

"கொட்டக நெறையுமா அண்ணாச்சி?"

"ஒரு ஈ நொழைய எடமிருக்காது."

"மாடு," என்றாள் ஆவுடை.

ஆடிப் பதினெட்டு அன்று ஒரு செவலைக் காளையை, கண்ணை மறைத்து, மூக்கணாங்கயிற்றை இருவர் பிடித்து, நாற்காலிகளுக்கு நடுவே நடத்திக் கொண்டுபோய் உள்ளே விட்டார்கள். கொம்பையா ஓடினான். சுவரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடினான், மரத்தில் ஏறப் பார்த்தான், வாயைத் திறந்து கத்தினான், சத்தம் இல்லாததால் ஜனங்களே அவனுக்காகக் கத்துவதுபோல வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். நாய் குறுக்கே விழுந்து மாட்டின் காலைக் கடித்ததால் வயிறு தப்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்தது. அன்றிலிருந்து நாற்பது நாள், அவன் தவழ்ந்து கிணற்றுக்குப் போவதையும், மாடு வந்தால் குடிசைக்குள் உருண்டுகொள்வதையும் பார்க்க, உள்ளே ஆயிரமும் வெளியே ஐந்நூறுமாக ஜனம் நின்றது. வாலிபர்கள் அவனைப்போல இடது காலை இழுத்து நடந்தார்கள். பிறந்த பிள்ளை மூன்றுக்குக் கொம்பையா என்று பேர் வைத்தார்கள். அவனுக்கு ஒடிந்த கால் கூடிவர வேண்டும் என்று பெண்கள் விளக்குப் போட்டார்கள், போட்டுவிட்டு டிக்கெட் வரிசையில் வந்து நின்றார்கள்.

நாற்பதாம் நாள் இடைவேளையில் ஆவுடை தன் நாற்காலியை விட்டு எழுந்து, திரைக்கு முன்னால் போய், கூட்டத்தைப் பார்த்து நின்றாள். கையிரண்டையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"அய்யா, அம்மா, எல்லாரும் ஒருக்கா சேந்து கூப்பிடுங்க. அன்னைக்குக் கூப்பிட்டீங்கள்லா, அதே மாதிரி. நிறுத்தாம கூப்பிடுங்க. அவிய வந்துருவாவ. ஒரே ஒரு தடவ. நான் சாவுற வரைக்கும் ஒங்க எல்லார் வீட்டு மாவயும் சும்மா அரச்சுத் தாரேன்."

 பின்னால் யாரோ கடலைத் தோலை ஊதினார்கள். இடைவேளை முடிந்து, குடிசையிலிருந்து கொம்பையா தவழ்ந்து வெளியே வந்தான், அவன் வெளிச்சம் ஆவுடையின் முதுகில் விழுந்தது, அவள் நிழல் அவன்மேல் விழுந்தது.

"மறைக்குது தாயி," என்றது ஒரு குரல், கோபமில்லாமல். "கொஞ்சம் உக்காரு."

அவள் உட்கார்ந்தாள்.

புரட்டாசியில் கால் ஒருமாதிரி கூடிவிட்டது, அவன் மாட்டுக்குப் பழகிவிட்டான், கூட்டம் மறுபடி குறைந்தது. முடிவு எப்போது என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எந்தப் படத்துக்கும் ஒரு முடிவு உண்டல்லவா என்றார்கள். ஐப்பசி முதல் ஞாயிறு இறுதிக் காட்சி என்று கமிட்டி அறிவித்தது. ஏழு காளைகளை, மூன்று நாள் தீனி போடாமல், ஒன்றாக விடுவது என்று முடிவானது.

ஆவுடை டீக்கடைக்குப் போனாள். அழவில்லை, சண்டை போடவில்லை.

"அண்ணாச்சி, மாடு விடுததுக்கு முன்ன ஒரு நேரச் சோறு என் கையால குடுத்துருதேன். மணிக்கட்டு வர கை போவும்லா, அது போதும்."

பால்துரை அவளைப் பார்த்தார். அவர் கண்கூடக் கலங்கியது. "நல்ல காரியம் தங்கச்சி," என்றவர், அன்று சாயந்தரமே ஆட்டோவில் மைக் கட்டி, மனைவி கையால் கடைசிச் சோறு என்று பதினெட்டு ஊருக்கும் சொல்லச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குக் குளித்து, மாவு ஒட்டாத முடியோடு, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்தாள். அவனுக்குப் பிடித்தது. மில்லில் எலிக்கு வைக்கிற பொடியை எள்ளோடு சேர்த்து அரைத்தாள். பாதியில் நிறுத்தி, மறுபடி அரைத்தாள்.

கொட்டகையில் பெஞ்சு போட்டு, தரையில் சாக்கு விரித்து, ஜன்னலிலும் ஆள் ஏறியிருந்தது. ஆவுடை தட்டை இரண்டு கையாலும் பிடித்துச் சுவருக்குள் நீட்டினாள். காற்றில் முளைத்த இரண்டு கைகளைக் கொம்பையா பார்த்தான். நொண்டிக்கொண்டு வந்தான். தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான், உள்ளங்கையில் இருந்த பழைய தீக்காயத்தைத் தடவினான், அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். ஆயிரம் பேரும் ச்சொ கொட்டினார்கள். தாடி குத்துவது ஆவுடையின் விரலுக்குத் தெரிந்தது. அவன் முகம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது, கண் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தது.

அவன் உட்கார்ந்து முதல் உருண்டையைப் பிசைந்து நாய்க்கு நீட்டினான். எப்போதும் அப்படித்தான் தின்பான். நாய் மோந்தது, பின்னால் நகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொம்பையா நாயைப் பார்த்தான். கையிலிருந்த சோற்றைப் பார்த்தான். காற்றில் இன்னும் நீண்டிருந்த கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அந்த உருண்டையை வாயில் போட்டான், அடுத்ததையும் போட்டான், தட்டை வழித்துத் தின்று, விரலை நக்கி, கிணற்றடியில் போய்க் கை கழுவினான். நாயை ஒரு கல்லெறிந்து தூரத் துரத்தினான். பிறகு மரத்தடியில் படுத்து, கால் இரண்டு தடவை உதறி, அடங்கினான்.

காளைகளை விட்டார்கள். ஏழும் பசியோடு உள்ளே ஓடின, ஓடி நின்றன, அவனை மோந்து பார்த்தன, விலகிப்போய்க் குடிசைக் கூரையின் ஓலையை இழுத்து மென்றன.

"என்னவே இது?" என்றார்கள் பின்னாலிருந்து.

"எந்திரிக்கச் சொல்லு!"

"கொம்பையா! எந்திரிடே!"

அப்போதுதான் எல்லோரும் கத்தினார்கள். உள்ளே இருந்த ஆயிரமும் வெளியே நின்ற ஐந்நூறும், ஆணும் பெண்ணும், ஒரே குரலாக, நிறுத்தாமல், கால்மணி நேரம், "கொம்பையா, எந்திரி! கொம்பையா, வா!" என்று ஓடு அதிரக் கத்தினார்கள். ஆவுடை சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டாள். சத்தத்தில் அவன் முடி மட்டும் அசைந்தது. அப்புறம் நாற்காலிகளை உடைத்தார்கள். முடிவு நன்றாக இல்லை என்று வேன்களில் ஏறிப் போனார்கள்.

ஆவுடை தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டு வாசலில் பாய் விரித்து, தலைவிரி கோலமாக உட்கார்ந்தாள். மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். துட்டி கேட்க, சாவு விசாரிக்க, ஒருவரும் வரவில்லை. குழாயடியில் முறுக்குக் கடைக்காரி சொன்னது அவள் காதில் விழுந்தது: "படத்துல செத்ததுக்கெல்லாம் துட்டி கேப்பாவளாக்கும்?"

மூன்றாம் நாள் காலையில் பால்துரை தெருவில் வந்தார். தோளில் துண்டு இருந்தது, முகம் வாடியிருந்தது. ஆவுடை அவர் வருவதைப் பார்த்ததும் துட்டிக்கு வருகிறார் என்று நினைத்து, முறைப்படி கையை நீட்டி, ஒப்பாரிக்கு வாயெடுத்தாள். அவர் கையைக் கொடுக்கவில்லை. பாயின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"தங்கச்சி, செவுத்துல இன்னும் வெளிச்சம் வருது. கெணறு இருக்கு, மரம் இருக்கு, மாடு மேயுது. ஆளுதான் இல்ல." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒங்க பக்கத்துல வேற யாராச்சும் காணாமப் போயிருக்காவளா?"

ஆவுடை நீட்டிய கையை மடக்கவில்லை.  பால்துரை எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்டார், அங்கே இல்லை என்றார்கள். அதற்கடுத்த வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, அவர் கேட்பது கேட்டது.

"எம் மவ இருக்கா அண்ணாச்சி," என்று ஒரு பெண்குரல், அழுகையும் ஆசையுமாக, அவசர அவசரமாகச் சொன்னது. "அஞ்சு வருசமாவுது. உள்ள வாங்க, போட்டா தாரேன்."